குண்டு எழுத்து, குறும்பு எழுத்து: பெயர்ப்பலகை போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தின் மாடியில் என் மேசை இருக்கிறது. பெயர்ப்பலகை, பதாகை, அழைப்பிதழ், பொதி உறை என்று எழுத்தை வைத்துப் பிழைக்கும் வேலை. படியேறி வருகிறவர்கள் கதிரையில் உட்காரும் முன்பே கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்குவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆகவே எழுதி வைத்துவிட்டேன்.

குண்டு எழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள்? சாதாரண எழுத்தின் தடித்த வடிவம் தானே அது?

இல்லை. பத்திரிகைச் செய்தியில் வரும் எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் ஒன்று இருக்கும். அது பந்திக்குள் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வந்தது. குண்டு எழுத்து என்று வாடிக்கையாளர்கள் சொல்வது தலைப்புக்கென்றே வரையப்பட்ட எழுத்துருவை. கோடு தடிப்பாக இருக்கும், எழுத்தின் உள்வெளி சிறுத்திருக்கும், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் இடைவெளி நெருக்கமாக இருக்கும். பெரிதாகப் போட்டால் ஊர் திரும்பிப் பார்க்கும். அதையே பத்துப் புள்ளி (பொயின்ட்) அளவில் அச்சடித்தால் மை வழிந்து கறுத்த எறும்பு வரிசை போல ஆகிவிடும்.

குறும்பு எழுத்து என்பது அதன் தம்பி. முனைகள் உருண்டிருக்கும், ஓர் எழுத்து சற்றே சாய்ந்து மற்றதை இடிப்பது போல நிற்கும். சிரித்த முகம்.

இந்த ஆசை எங்கிருந்து தொடங்கியது?

லொத்தரிலிருந்து என்றால் நம்புவீர்களா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லொத்தர்ச் சீட்டு விளம்பரங்கள் சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்டன. பக்கத்துச் சுவரொட்டியை விடத் தன்னுடையது கண்ணில் பட வேண்டும் என்ற போட்டியில் எழுத்துகள் பருத்துக்கொண்டே போயின. ரொபர்ட் தோர்ன் என்ற அச்செழுத்து வார்ப்பாளரின் பெயரை இதன் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். பிறகு 1922இல் சிக்காகோவில் ஒஸ்வால்ட் கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக் வந்தது. ஊதிய பணிஸ் போன்ற அந்த எழுத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமலே.

மருதானைச் சந்தியில் லொத்தர் விற்கும் கூண்டுகளைப் பாருங்கள். இருநூறு ஆண்டு கடந்தும் அதே போட்டி, அதே பருமன்.

ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தமிழில் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவு?

வேலை அதிகம், வாங்குகிறவர் குறைவு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, அதன் இரட்டை வடிவம், இலக்கங்கள், குறிகள் என்று முடித்துவிடலாம். தமிழில் 247 எழுத்து என்று படித்தோம். அத்தனையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. கொம்பையும் (ெ) அரவையும் (ா) ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் உகர, ஊகார எழுத்துகளில் அந்தச் சலுகை கிடையாது. கு, சு, டு, மு, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாலோடு வருகிறது. 18 மெய்க்கும் குறில், நெடில் என்று 36 வடிவங்கள். டி, டீ இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ.

மெல்லிய கோட்டில் வரைந்தால் இவற்றுக்கெல்லாம் இடம் இருக்கிறது. கோட்டைத் தடிப்பாக்க ஆக்க ணை, ஞ, ஐ போன்றவற்றின் வயிற்றில் இடமில்லாமல் போகிறது. வடிவமைப்பாளர் எங்கே குறைப்பது, எங்கே விடுவது என்று எழுத்துக்கு எழுத்து முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் ஒரு நல்ல தடித்த தமிழ் எழுத்துருவைக் கண்டால் எனக்கு அதை வரைந்தவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கத் தோன்றும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டுவிடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. எங்களுக்குக் குரல் உயர்த்த இருப்பது பருமன், அளவு, நிறம் மட்டும். ஆகவே தடித்த எழுத்துரு ஆங்கிலத்தை விடத் தமிழுக்குத்தான் அதிகம் தேவை. கிடைப்பதோ மறுபக்கம்.

சரி, இருப்பவற்றில் எதை எடுப்பது?

கூகிள் எழுத்துருத் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். என் மேசையில் நாள்தோறும் புரளும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது பலூ தம்பி. மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு செய்தது. பலூ என்ற பல மொழிக் குடும்பத்தில் பெரும்பாலான மொழிகளுக்கு அந்தந்த மொழியின் உறவுச் சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள்: மலையாளத்துக்குச் சேட்டன், குஜராத்திக்குப் பாய், பஞ்சாபிக்குப் பாஜி, எங்களுக்குத் தம்பி. முதலில் ஒரே பருமனில் வந்தது. பலூ தம்பி 2 என்ற பெயரில் இப்போது 400 என்ற சாதாரணப் பருமன் முதல் 800 என்ற மிகத் தடித்தது வரை ஐந்து பருமன்கள் இருக்கின்றன. முனை உருண்டது, உடம்பு கொழுத்தது, ஆனால் எழுத்து அடையாளம் கெடாது. குழந்தைகள் உடுப்புக்கடை, ஐஸ்கிரீம், முன்பள்ளி என்றால் என் கை தானாக இதற்குத்தான் போகிறது. அதுவே இதன் குறையும்: எல்லோர் கையும் இதற்குத்தான் போகிறது. ஒரே தெருவில் மூன்று கடைகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காய்னி. பிரேசில் வடிவமைப்பாளர் மார்செலோ மகல்யாயிஸ் செய்தது. பலூவை விடக் குறும்பு அதிகம். ஒரே ஒரு பருமன் மட்டும் உண்டு. இரண்டு சொல்லுக்கு மேல் போட்டால் திகட்டும்.

அனேக் தமிழும் ஏக் டைப்பின் வேலைதான். இதில் குறும்பு குறைவு. ஆனால் பருமனை மட்டுமல்லாமல் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நீளமான பெயரை ஒடுக்கமான பலகைக்குள் அடக்க வேண்டி வரும்போது உயிரைக் காப்பாற்றுவது இதுதான்.

கேட்டமரான் எழுத்துருவைப் பிரியா ரவிச்சந்திரன் வரைந்தார். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் எழுத்துருப் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. 900 என்ற உச்சப் பருமனில் இது நவீனமாக, சற்றே மிடுக்காக நிற்கும். கோப்பிக் கடை, உடற்பயிற்சி நிலையம் போன்றவற்றுக்குப் பலூவின் கொழுகொழுப்பு பொருந்தாது, இது பொருந்தும்.

திருகோணமலையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த கவிவனாரையும் பலர் கேட்டு வருகிறார்கள். அழகான எழுத்துரு, ஆனால் அது சாய்ந்த கையெழுத்து நடை. தடித்தது அல்ல. தெருப்பலகைக்கு எடுத்து அதைத் துன்பப்படுத்த வேண்டாம். வாழ்த்து அட்டையில் வையுங்கள், மிளிரும்.

கொழும்புக்காரர்கள் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்று. இங்குள்ள மூனியாக் எழுத்துரு நிறுவனம் போஸ்ட் நோ பில்ஸ் என்ற தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. சுவரில் “விளம்பரம் ஒட்டாதே” என்று தகட்டை வெட்டி மை பூசி எழுதுவார்களே, அந்தச் சாயல். சிங்களத்துக்கான பகுதிக்குக் கொழும்பு என்றும் தமிழுக்கான பகுதிக்கு யாழ்ப்பாணம் என்றும் பெயர். இரண்டு மொழியும் ஒரே குணத்தில் வருவது இந்த நாட்டில் அரிய பொருள். டீ சேர்ட், இசை நிகழ்ச்சிப் பதாகை, சற்றுக் கரடுமுரடான தோற்றம் விரும்பும் உணவகம் ஆகியவற்றுக்கு இதைக் காட்டுகிறேன்.

என் கடைப் பெயருக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுத்துருவைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். உங்கள் பெயரில் என்னென்ன எழுத்துகள் இருக்கின்றன என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

தளத்தில் எழுத்துருவைக் காட்டும் மாதிரி வாசகம் எல்லா எழுத்துருவிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் கடைக்கு அந்த வாசகமா பெயர்? உங்கள் பெயரையே தட்டிப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துகளில் ல, வ, ஒ, ஐ, ண போன்றவை உருண்டவை. ட, ப, ய, ம போன்றவை நேர்கோட்டுக்காரர்கள். உருண்ட எழுத்து மிகுந்த பெயர் கொழுத்த எழுத்துருவில் தானாகவே குலுங்கும். “வெல்லம்” என்று எழுதிப் பாருங்கள், எந்த எழுத்துருவிலும் இனிக்கும்.

“பட்டு” என்று எழுதுங்கள். ப ஒரு பெட்டி. ட ஓர் எழுந்து நின்ற கோடும் ஒரு படுத்த கோடும். அதன் வலப்பக்க மேற்புறம் முழுவதும் வெறும் வெளி. மெல்லிய எழுத்தில் அந்த வெளி உறுத்தாது. கோடு தடிக்கத் தடிக்க, பல் விழுந்த வாய் போல அந்த ஓட்டை தெரியத் தொடங்கும். நல்ல வடிவமைப்பாளர் ட்டு என்ற இடத்தில் அடுத்த எழுத்தை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தி அந்த ஓட்டையை மூடுவார். எழுத்துருவே அதைச் செய்யாவிட்டால் நீங்கள் கையால் நகர்த்த வேண்டும். சேலைக் கடைக்காரர்களுக்கு இதை நான் காட்டியே தீருவேன், ஏனென்றால் பட்டு இல்லாத பெயர் அவர்களிடம் இல்லை.

“கொழும்பு” இன்னொரு பாடம். முன்னால் கொம்பு, பின்னால் அரவு, நடுவில் க. அடுத்து ழு: கீழே இறங்கி வளையும். ம்: மேலே புள்ளி. பு: மறுபடியும் கீழே இறங்கும் கால். நான்கே எழுத்துக்குள் மேலேயும் கீழேயும் நடமாட்டம். அதன் கீழே இன்னொரு வரியை நெருக்கமாக வைத்தால் கீழ்வரியின் புள்ளி மேல்வரியின் காலோடு மோதும். ஆங்கில எழுத்துக்குப் பழகிய வடிவமைப்பாளர்கள் வரிகளை ஒட்டி அடுக்குவார்கள். தமிழில் அப்படி அடுக்கினால் புள்ளி காணாமல் போய் ம் என்பது ம ஆகிவிடும்.

ர, அரவு இரண்டையும் கவனியுங்கள். தடித்த எழுத்துருக்கள் சிலவற்றில் ர வின் சாய்ந்த கால் குட்டையாகி அது அரவு போலவே ஆகிவிடும். “காரம்” என்று எழுதி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ர எது, அரவு எது என்று தடுமாறினால் அந்த எழுத்துரு மிக்சர்க் கடைக்கு உதவாது.

முஸ்லிம் வாடிக்கையாளர்களின் பெயர்களில் ஹ, ஸ, ஜ, ஃ நிறைய வரும். வடிவமைப்பாளர்கள் களைத்துப்போய்க் கடைசியில் வரையும் எழுத்துகள் இவை என்று எனக்கொரு சந்தேகம். மற்றவை கொழுத்திருக்க இவை மட்டும் நோஞ்சானாக நிற்பதைக் கண்டிருக்கிறேன். புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் நானா ஒருவர், தன் பெயரின் ஹ மட்டும் “பட்டினி கிடந்தது போல” இருக்கிறது என்று சொல்லி மாதிரியைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரி.

ஸ்ரீ சில எழுத்துருக்களில் உடைந்து வருகிறதே?

அதற்கு இரண்டு எழுத்துக்கோவைகள் உண்டு. ஒன்று ஸ வில் தொடங்குவது, மற்றது ஶ வில் தொடங்குவது. கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் ஶ 2005இல்தான் சேர்ந்தது. எழுத்துரு ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் மற்றது பிரிந்து நிற்கும். ஒன்றில் உடைந்தால் மற்றதைத் தட்டிப் பாருங்கள்.

பிடித்த எழுத்துரு போதிய தடிப்பாக இல்லை. சுற்றிக் கோடு கொடுத்துத் தடிப்பாக்கலாமா?

ஒரு கதை சொல்கிறேன். நானே செய்த தவறு என்பதால் தயங்காமல் சொல்லலாம். பேக்கரி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் “இன்னும் தடிப்பு, இன்னும் தடிப்பு” என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். நானும் சலித்துப்போய், எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் கோடு கொடுத்துப் பருமனாக்கிவிட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கம்பீரமாக இருந்தது. பலகை ஏறியது. மறுநாள் வீதியின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். “பாண், பணிஸ்” என்று எழுதியிருந்ததில் மூன்று சுழி ண வின் சுழிகள் எல்லாம் அடைத்துப்போய், எழுத்து இருந்த இடத்தில் ஒரு செங்கல் இருந்தது. பாண் விற்கும் கடையில் பாண் என்ற சொல்லை வாசிக்க முடியவில்லை. பலகையை என் செலவில் மாற்றினேன்.

சுற்றிக் கோடு கொடுத்தால் அது வெளியே மட்டும் வளராது, உள்ளேயும் வளரும். உண்மையான தடித்த எழுத்துருவில் வரைந்தவர் சுழிகளுக்கு இடம் விட்டு, எழுத்தையே அகலமாக்கியிருப்பார். அந்த வேலையைக் கணினி ஒரு சொடுக்கில் செய்யாது. அலங்காரத்துக்கு வேறு நிறத்தில் கரை வேண்டுமானால், கரையை எழுத்தின் பின்னால் வையுங்கள். முன்னால் உள்ள எழுத்தின் உள்வெளி அப்படியே இருக்கும்.

அதேபோல எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். நசுக்கினால் நின்ற கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் பழைய தடிப்பிலேயே இருக்கும். பலகை ஒடுக்கமென்றால் அனேக் தமிழின் ஒடுங்கிய வடிவத்தை எடுங்கள்.

மூன்று மொழியிலும் பலகை வேண்டும். எப்படிச் சமாளிப்பது?

கொழும்பில் இதுதான் தலைவலிகளின் அரசன். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசையைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். தனியார் கடைகளும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன. சிக்கல் வரிசையில் இல்லை. சிங்களத்துக்குத் துள்ளும் எழுத்து, ஆங்கிலத்துக்கு அதைவிடத் துள்ளும் எழுத்து, தமிழுக்கு மட்டும் கணினியில் முதலில் அகப்பட்ட மெல்லிய எழுத்து என்று போடுகிறார்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். மூன்று பேரை விருந்துக்கு அழைத்து, ஒருவருக்கு மட்டும் பழஞ்சோறு போட்டது போல.

பலூ குடும்பத்தில் சிங்களம் இல்லை. அனேக்கிலும் இல்லை. ஆகவே பலூ தம்பியோடு சிங்களத்துக்கு ஒரு துணை தேட வேண்டும். மூனியாக்கின் ஸ்டிக் நோ பில்ஸ், கெமுனு லிப்ரே இரண்டிலும் சிங்களத்துக்குத் தடித்த பருமன்கள் உண்டு. இரண்டும் பலூவைப் போல உருண்டவை அல்ல என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டுமானால் நான் முன்பு சொன்ன போஸ்ட் நோ பில்ஸ் இணையை எடுங்கள். ஆங்கிலமும் அதற்குள்ளேயே இருக்கிறது. குறும்பு வேண்டாம், ஒழுங்கு போதும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ சான்ஸ் சிங்களமும் 900 வரை தடித்து, சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்.

அளவைப் பொருத்தும்போது எண்ணை நம்பாதீர்கள். மூன்று மொழிக்கும் 72 என்று போட்டால் மூன்றும் ஒரே அளவாகத் தெரியாது. தமிழின் ப, ட உயரத்தையும் ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்தையும் சிங்கள எழுத்தின் உடம்பையும் கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பிறகு தள்ளி நின்று மூன்று வரிகளும் ஒரே கறுப்பாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

சொல்லைச் சுருக்குவதும் வடிவமைப்பின் பகுதி. ஆங்கிலத்தில் வெல்கம், சிங்களத்தில் ஆயுபோவன் என்று இருக்கும்போது தமிழில் “உங்களை அன்புடன் வரவேற்கிறோம்” என்று எழுதிவிட்டு, தமிழ் வரி மட்டும் சின்னதாகிவிட்டது என்று கவலைப்படுகிறார்கள். “நல்வரவு” என்று எழுதுங்கள். தமிழ் வரிதான் மூன்றிலும் பெரிதாக நிற்கும்.

எங்கே போடலாம்?

வாசிக்கிறவர் சிரித்துக்கொண்டு வர வேண்டிய இடம் எதுவும். முன்பள்ளி, பிறந்தநாள் அழைப்பிதழ், விளையாட்டுப் பொருள் கடை, பழச்சாறு, கொத்துரொட்டி, காலி முகத்திடலில் இறால் வடை விற்கும் வண்டி. சிறுவர் புத்தகத்தின் அட்டையும் தலைப்பும். உள்ளே கதையை முக்த மலர் அல்லது ஹிந்த் மதுரை போன்ற அமைதியான எழுத்துருவில் போடுங்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அதுவே உதவி. தனியார் வகுப்புச் சுவரொட்டியில் பாடத்தின் பெயர். மலிவு விற்பனைப் பதாகையில் விலை. விலையில் இலக்கத்தைத் தடிப்பாக்குங்கள், ரூ. என்பதைச் சிறிதாகவும் மெல்லியதாகவும் விடுங்கள். 450 என்பதுதானே செய்தி.

எங்கே கூடாது?

மரண அறிவித்தல். விளக்கம் தேவையில்லை என்று நினைத்திருந்தேன், உருண்டு திரண்ட எழுத்தில் அச்சிட்ட ஒரு நினைவஞ்சலி அட்டையைப் பார்க்கும் வரை.

மருந்துப் பொதி, பஸ் முன்கண்ணாடியில் செல்லுமிடம், மின்சார அபாய எச்சரிக்கை, சட்டத்தரணியின் பெயர்ப்பலகை. பஸ் பலகையில் தடிப்பு வேண்டும், குறும்பு வேண்டாம். காலி வீதியில் ஓடி வருகிறவர் மொரட்டுவையா பாணந்துறையா என்று ஒரு கணத்தில் பிரித்தறிய வேண்டும். உணவகத்தின் பலகையில் சரி, உள்ளே இருக்கும் உணவுப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் சரியில்லை. எல்லாமே கத்தினால் இடியப்பம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தேடுவது?

கோயில் திருவிழாப் பதாகைக்கு?

இதில் எனக்கே இரண்டு மனம். ஆடிவேல் விழாவுக்கு அன்னதானப் பதாகை கேட்டு வருகிறார்கள். கூட்டத்தில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். தடித்த எழுத்து தேவைதான். ஆனால் முருகன் பெயரைப் பலூனைப் போல ஊதிக் காட்ட எனக்குக் கை வருவதில்லை. கேட்டமரானின் தடித்த வடிவம் போட்டு, “மோர்ப்பந்தல்” என்ற சொல்லை மட்டும் குறும்பாக விட்டிருக்கிறேன். ஐயர் ஒன்றும் சொல்லவில்லை.

எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பலகைத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொன்னது. தமிழில் நான் ப வின் உயரத்தை அந்த அங்குலமாக எடுப்பேன். கொம்பும் வாலும் புள்ளியும் அதற்கு வெளியே. 60 அடிக்கு அப்பால் தெரிய வேண்டுமானால் ப 6 அங்குலம், மேலும் கீழும் கணக்கிட்டால் வரியின் உயரம் அதன் இரட்டிப்புக்கு அருகில் வரும்.

அச்சகத்துக்கு அனுப்பியதும் எழுத்து ரோமன் எழுத்தாக மாறிவிட்டது. ஏன்?

உங்களுடையது பாமினி போன்ற பழைய முறை எழுத்துரு. அதில் தமிழ் வெறும் வேடம். உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகள். எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து, “அம்மா” இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். இங்குள்ள அச்சகங்கள் பாமினியை இன்னும் கைவிடாததற்குக் காரணம் உண்டு: கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்புகள் யூனிகோட் தமிழைச் சரியாகக் கோக்காது. நான் மேலே சொன்ன எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோட். ஆகவே வேலை முடிந்ததும் எழுத்தை வளைகோடுகளாக மாற்றி, பி.டி.எப். ஆக அனுப்புங்கள். மாற்றும் முன் திருத்தக்கூடிய ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண் மாறாத வாடிக்கையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

போட்டோஷொப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

உங்களுடையது பழைய பதிப்பென்றால், பிரிபரன்சஸ் பகுதியில் டைப் என்பதற்குள் வேர்ல்ட் ரெடி என்ற அமைப்பைத் தெரிவு செய்யுங்கள். இலஸ்ட்ரேட்டரில் இந்திய மொழித் தெரிவுகளைக் காட்டும்படி அமைத்துவிட்டு, பந்திப் பலகத்தில் அதே வேர்ல்ட் ரெடி. எழுத்துரு மீது பழி போடாதீர்கள், அது பாவம்.

இணையத்தளத்திலும் இதே எழுத்துரு போடலாமா?

தலைப்பில் போடலாம். ஒரே பருமன் உள்ள காய்னி போன்றவற்றுக்குத் தடித்த வடிவம் கேட்டால் உலாவி தானே பொய்யாகத் தடிப்பாக்கிவிடும். பேக்கரிப் பலகையில் நடந்த அதே கதை. தலைப்புகளுக்குச் சாதாரணப் பருமன் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுங்கள். நிற வேறுபாட்டுக்கு டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல் விதிகளில் அளவு உண்டு: சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. தடித்த எழுத்து 14 புள்ளியிலேயே பெரியது என்று எடுத்துக்கொள்ளப்படும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து எந்தப் பருமனிலும் தேறாது.

இலவசம் என்கிறீர்கள். வியாபாரத்துக்குப் போட்டால் வழக்கு வராதா?

கூகிள் தளத்தில் நான் சொன்னவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவந்தவை. பலகையில், பொதியில், இலச்சினையில் போடலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக்கூடாது. யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய பெயர் தெரியாத கோப்புக்கு இந்த உத்தரவாதம் இல்லை.

கையால் எழுதச் சொன்னால் என்ன?

நல்ல ஓவியர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். தூரிகைக்காரர் “பட்டு” எழுதும்போது ட வின் ஓட்டைக்குள் அடுத்த எழுத்தின் தோளைத் தானாகவே நுழைத்துவிடுவார். பழைய தோற்றம் கேட்கிறவர்களுக்கு, தமிழகத்தின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய, யானைத் தும்பிக்கை வைத்த லை, ணை வடிவங்களையும் அவர் எழுதித் தருவார்; பெரும்பாலான எழுத்துருக்களில் அவை இல்லை.

இவ்வளவுக்கு நேரமில்லை. நாளைக்கே பலகை ஏற வேண்டும்.

பலூ தம்பி 2, பருமன் 800. கருநீலத்தில் வெள்ளை எழுத்து. பெயர் ஒரு வரி, தொலைபேசி எண் ஒரு வரி, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இன்றிரவே வீட்டுப் பிரிண்டரில் நான்கு ஏ4 தாள்களில் பிரித்து அச்சிட்டு, கடைக் கதவில் பசைநாடாவால் ஒட்டுங்கள். வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், உங்கள் கடைப் பெயரை முன்பின் அறியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் எழுத்து எது என்று பார்த்து வைத்துக்கொண்டு, காலையில் எட்டரைக்குப் பிறகு மாடிக்கு வாருங்கள்.